ஆறு டப்பாவிலும் ஒரே ஆள்

பனியன் கம்பெனிகளின் மெடிக்கல் ரூமுக்குப் புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அனுபவம் சொல்ல வருகிறவர்கள், வழக்கமாக விரலில் ஏறிய தையல் ஊசியைப் பற்றியும் வெயில் காலத்தில் மயங்கி விழும் பெண்களைப் பற்றியும் சொல்வார்கள். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் மலத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம். நானும் பல வருடம் சுளித்தவள்தான். அந்தச் சுளிப்பில் ஒரு மனிதர் சாகக் கிடந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாலு பேர் முன்னால் நிமிர்ந்து உட்கார வெட்கமாக இருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் என் வார்டில் ஒரு தலைமை நர்ஸ் இருந்தார். ஒருநாள் மஞ்சள் காமாலை நோயாளியின் பெட்பேனை மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டிவிட்டு வந்தேன். என்ன நிறம் என்று கேட்டார். பார்க்கவில்லை என்று சொல்லப் பயந்து, மஞ்சள் என்று அடித்துவிட்டேன். அடுத்த முறை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். களிமண் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பித்தநீர் குடலுக்கு வந்து சேரவில்லை என்றால் நிறம் இப்படி வெளுக்கும், வழியில் எங்கேயோ அடைப்பு இருக்கலாம், டாக்டரிடம் சொல்லியாக வேண்டிய செய்தி இது, இதைப் போய்க் கொட்டிவிட்டாயே என்றார். அன்றிலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றி வாய்விட்டுப் பேச மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேலம்பாளையம் பக்கத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் கேன்டீன் உண்டு. ஆறு பேர் அதில் வேலை. ரங்கசாமி மாஸ்டர், சப்பாத்தி போடும் ஒடிசாக்காரர் ஒருவர், காய்கறிக்கும் பாத்திரத்துக்கும் நாலு பெண்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி பேச்சியம்மா. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டாள்.

எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரப்போகிறது என்றால் கம்பெனியில் சுண்ணாம்பு முதல் சோப்பு வரை எல்லாம் புதிதாகும். அந்த முறை, சமையல் செய்கிறவர்கள் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றில் கிருமி, புழு உள்ளவர்கள் சோறு பரிமாறக் கூடாது அல்லவா, நியாயம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ நேரத்தில், கேன்டீன் முழுக்க ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, ஆறு டப்பாக்களைப் பரிமாறும் மேசை மேலேயே வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் கட்டிங் பிரிவின் மார்க்கர் பேனாவால் பெரிதாகப் பெயர். நாளைக் காலையில் கொண்டுவந்து கொடுங்கள் என்று சத்தமாகச் சொன்னேன். வரிசையில் யாரோ, பாயசம் வாங்கவா சிஸ்டர் என்று கேட்டார்கள். கேன்டீனே சிரித்தது. ஒடிசாக்காரர் தன் டப்பாவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். பேச்சியம்மா குனிந்த தலை நிமிரவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் காலையில் ஆறு டப்பாக்களும் ஒரே மஞ்சப்பையில் வந்தன. கொண்டுவந்தவள் பேச்சியம்மா. எல்லாரிடமும் தானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொன்னாள். மூடிகளெல்லாம் இறுக்கி, துடைத்து, அவ்வளவு சுத்தம். சமத்து என்று பாராட்டி அனுப்பினேன். அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், காலையில் வெளியே நாலு பேர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள், அதற்குள் டப்பாவும் குச்சியுமாக ஒருவர் என்ன செய்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பாத்ரூம்.

மதியத்துக்குள் லேப்காரர் கூப்பிட்டார். பல வருடப் பழக்கம், அதிர்ந்து பேசாதவர்.

"ஏனுங்க சிஸ்டர், ஆறு டப்பாவும் ஒரே ஆளுதுங்களா?"

ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்றேன்.

"ஆறும் ஒரே கருப்புங்க. தாராட்டம் குச்சியில ஒட்டிக்கிட்டு வருது. ரத்தம் இருக்குதான்னு பாத்தேன். ஆறுலயும் இருக்குதுங்க. ஆருன்னு பாத்து இன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பிருங்க."

நர்ஸ் படித்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இரைப்பையிலோ முன்குடலிலோ ரத்தம் கசிந்தால், அது கீழே வருவதற்குள் செரித்துக் கருத்துத் தாராகிவிடும். கேன்டீனில் யாரோ ஒருவருக்கு உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. நேராக எச்.ஆர். மேனேஜரிடம் போனேன். அவருக்கு ஆடிட் கவலை தலைக்கு மேல். யாரென்று விசாரியுங்கள், ஆனால் ரத்தம் என்று மட்டும் கேன்டீனில் வாயைத் திறந்துவிடாதீர்கள், மத்தியானம் ஒருத்தரும் சாப்பிட வரமாட்டார்கள் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஆறு பேரையும் மெடிக்கல் ரூமுக்கு வரச்சொன்னேன். ரத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆறு டப்பாவிலும் ஒருத்தருடையதைப் போட்டு ஏமாற்றியிருக்கிறீர்கள், யார் வேலை இது, யாருடையது என்று சத்தம் போட்டேன். வயிறு கெட்டவர்கள் அடுப்படியில் நிற்கக் கூடாது, வேலையை விட்டே போக வேண்டியதுதான் என்றும் சொல்லி வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் வரும்.

ரங்கசாமி மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, "என்ர டப்பாவுல இருந்தது என்ரதுதானுங்க" என்றார். அடுத்தடுத்து எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒடிசாக்காரர்கூட "மேராதான் சிஸ்டர்" என்றார். பேச்சியம்மாவும் தலையாட்டினாள். சமையல்காரர்கள் என்பதற்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆளுக்கு ஆள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ரத்தம் போகிற உடம்பு என்றால் அங்கே வெளுப்புத் தெரியும். ஆறு பேருக்கும் நல்ல சிவப்பு. நாடியும் சரியாக இருந்தது. எனக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. புதிதாக டப்பா கொடுத்து, கம்பெனிக் கக்கூஸிலேயே ஒவ்வொருவராகப் போய்வரச் சொன்னேன். அந்த ஆறும் சுத்தம் என்று லேபில் சொன்னார்கள். எச்.ஆர். மேனேஜருக்கு உயிர் வந்தது. முதலில் வந்தது லேப் தப்பாக இருக்கும், விடுங்க சிஸ்டர் என்றார்.

ஒரே ஆளுடைய ரத்தத்தை ஆறு டப்பாவில் காட்டும்படி எந்த லேபும் தப்புச் செய்யாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையாட்டினேன். இவர்கள் ஆறு பேரும் இல்லை என்றால் வேறு யாரோ ஒருவருடையது என்று கணக்குப் போட பெரிய மூளை வேண்டாம். ஆடிட் முடியட்டும், பார்க்கலாம் என்று நினைத்தேன். பட்டுப்புடவைக்குக் கறை படாமல் விருந்தில் உட்காருகிறவளைப் போல அந்த இரண்டு நாளும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். கேன்டீன் பக்கமே போகவில்லை.

ஆடிட் நன்றாக நடந்தது. கேன்டீன் பிரமாதம் என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். எச்.ஆர். மேனேஜர் எனக்குத் தனியாக நன்றி சொன்னார். சாயங்காலம் லேப்காரர் வேறு எதற்கோ கூப்பிட்டவர், போனை வைக்கும் முன்னால் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"அந்தப் பேஷன்ட்டு இப்ப எப்படி இருக்கறாங்க சிஸ்டர்?"

ஏமாற்று, டப்பா, சான்றிதழ் என்று எத்தனையோ வார்த்தை அந்த மூன்று நாளில் என் வாயில் வந்தது. பேஷன்ட் என்ற வார்த்தை வரவே இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். 

கேன்டீனில் அப்போது ஆறு பேரும் தரையில் உட்கார்ந்து மறுநாளைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். 

"ஆரு ஏமாத்துனாங்கன்னு கேக்க வரலீங்க" என்றேன். "அந்த டப்பாவுல ரத்தம் இருந்துச்சு. உங்ககிட்ட அத நான் மறைச்சுட்டேன். அது ஆரோடதோ, அவங்களுக்கு வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. தாராட்டம், ஒட்டிக்கிட்டு, எத்தன தண்ணி ஊத்துனாலும் போகாம, நாத்தம் ஊட்டையே தூக்கும். தலை சுத்தும், வேர்க்கும். விட்டா உயிர் போயிரும். என்கிட்ட சொல்ல வேண்டாம். அவங்கள டாக்டர்கிட்ட மட்டும் கூட்டிட்டுப் போங்க."

பேச்சியம்மாவின் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது. எழுந்து நின்றாள். 

"அது எங்க வீட்டு அவியளோடது சிஸ்டர்."

அவள் கணவர் சுடலைமுத்து நிட்டிங் மெஷின் ஆப்பரேட்டர். பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தார். இதுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவருக்கு எல்லாமே பெட்பேனில்தான். கேன்டீனில் மற்றவர்கள் டப்பாவை வைத்துக்கொண்டு விழித்தபோது, நம் வீட்டில் எப்படியும் கையால் எடுத்துக் கொட்டுவதுதானே என்று ஆறு டப்பாவுக்கும் அவளே எடுத்துவந்துவிட்டாள். மற்றவர்கள் அது அவளுடையது என்றே நினைத்து, அவள் வேலை போய்விடக் கூடாது என்று ஆளாளுக்குத் தன்னுடையது என்றார்கள். வயிறு கெட்டவர்கள் வேலையை விட்டே போக வேண்டும் என்று நான் கத்தியதும் அவள் வாய் மூடிக்கொண்டது.

அவ்வளவு கருப்பாகப் போகிறதே, உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். குற்றம் சொல்கிற குரல்தான் அப்போதும் எனக்கு.

"நீங்கதான சொன்னிய, சத்து மாத்திரை தின்னா கருப்பாத்தான் போவும், பயப்படாதியன்னு. எனக்குக் குடுத்ததத்தான் ரத்தம் ஊறட்டும்னு அவியளுக்கும் குடுத்தேன். அதான்னு நெனச்சேன்."

சொன்னேன். அதே கேன்டீனில் நின்றுதான் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பது எங்கள் வழக்கம். நிறம் மாறியதைப் பார்த்து ஒரு பெண் பயந்துபோய் வந்ததால், எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினேன். வெளிக்கி கருப்பாகப் போகும் என்று ஆரம்பித்ததுமே பிள்ளைகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. பயப்படாதீங்க என்று முடித்து இறங்கிவிட்டேன். மாத்திரையின் கருப்பு கரும்பச்சை கலந்து, கட்டியாக, வழக்கமான நாற்றத்தோடு இருக்கும், தண்ணீர் ஊற்றினால் போய்விடும், தாராக ஒட்டினால் அது வேறு கருப்பு, உடனே ஓடி வாருங்கள் என்ற மீதிப் பாதியைச் சொல்லவே இல்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று வைத்தியர்களைக் கேலி செய்வோம். அரை நர்ஸுக்குப் பழமொழி இல்லை, அவ்வளவுதான்.

ஆட்டோ பிடித்து அவள் குடியிருந்த மண்ணரைக்குப் போனோம். ஒற்றை அறை லைன் வீடு. சுடலைமுத்து சுவரோரம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். வெள்ளைக் கோட்டோடு என்னைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். உதடு காகிதமாக வெளுத்திருந்தது. கையைப் பிடித்தால் சில்லென்று வேர்வை, நாடி தாறுமாறான ஓட்டம். கட்டிலுக்கு அடியில் மூடி வைத்திருந்த பெட்பேனை நான் எடுக்கக் குனிந்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத நீங்க பாக்காதிய சிஸ்டர்" என்றார். கண் நிறைந்துவிட்டது. "அவ பாக்கதே எனக்குப் பொறுக்கல."

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்ட பிறகுதான் பார்த்தேன். லேப்காரர் சொன்ன அதே தார். தலைசுற்றல் எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, நாலைந்து நாளாக என்று சுவரிடம் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று பேச்சியம்மா அழுதாள். கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. அவள் எடுத்துக் கொட்டும் வேலை குறையட்டும் என்று அவர் சாப்பாட்டையே குறைத்துவிட்டிருந்தார். மதியத்துக்கு அவள் வைத்துவிட்டுப் போகும் சோற்றைப் கட்டிலடிக்கு வரும் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டுவிடுவாராம். வெறும் வயிற்றில் வலி மாத்திரையை மட்டும் விழுங்கியிருக்கிறார்.

எந்த மாத்திரை என்று கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டிரண்டாகக் கத்தரித்த பட்டைகள். கத்தரித்தது நான். பெரிய பாத்திரம் தூக்கி முதுகு வலிக்கிறது என்று பேச்சியம்மா வந்து நிற்கும்போதெல்லாம், ஆள் வேலைக்குத் திரும்பினால் சரி என்று கொடுத்து அனுப்பியது. ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த மாத்திரை தீர்ந்துபோய், போக வர வண்டிக்கு வழியில்லாமல், அவள் என்னிடம் வாங்கிப்போய் அவரை வலியில்லாமல் தூங்க வைத்திருக்கிறாள். அதுவே அவருடைய இரைப்பையை அரித்துவிட்டது. பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், குழாய் விட்டுப் பார்த்து இரைப்பைப் புண் என்றார்கள். ரத்தம் கொடுக்க ரங்கசாமி மாஸ்டரும் ஒடிசாக்காரரும் வேலையிலிருந்து நேராக வந்து நின்றார்கள். டாக்டர் இளம் வயதுக்காரர். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்று பேச்சியம்மாவைப் பிடித்துக்கொண்டார். கருப்பாகப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தாய், கண்ட கண்ட வலி மாத்திரையை யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன், அதே வெள்ளைக் கோட்டோடு. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டாக்டரிடம், தெரியாமப் போச்சு சார் என்றாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் சொன்ன பாதிப் பேச்சு, நான் கொடுத்த மாத்திரை, நான் தள்ளிப்போட்ட இரண்டு நாள் என்று சொல்ல மூன்று வாக்கியம் போதும். சொல்லவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, நீங்களாவது கண்டுபிடித்துக் கூட்டிவந்தீர்களே, நன்றி சிஸ்டர் என்றார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

சுடலைமுத்து பிழைத்தார். டப்பா விஷயத்துக்காகப் பேச்சியம்மாவை நிறுத்திவிடலாமா என்று ஒரு பேச்சு கம்பெனியில் எழுந்து அடங்கியது. அடங்கியதற்குக் காரணம் நான் அல்ல, ஆடிட்டில் கேன்டீன் வாங்கிய நல்ல பெயர். எச்.ஆர். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்து, மனசில் வைத்துக்கொள்ளாதீங்க சிஸ்டர் என்றார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாதவளுக்குச் சுலபமான இடத்தில் சொல்ல வாய் தாராளமாக வருகிறது.

அவள் வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே ஒருநாள் மெடிக்கல் ரூமுக்கு வந்தாள். தையல் பிரிவுப் பெண்கள் சிலர் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒருத்திக்கு விரலில் கட்டுப் போட்டு முடித்துக்கொண்டிருந்தேன். முதுகு வலிக்கிறது, மாத்திரை வேண்டும் என்று பேச்சியம்மாவின் குரல் கேட்டது. நான் நிமிரக்கூட இல்லை. இழுப்பறையைத் திறந்து, பட்டையில் இரண்டைக் கத்தரித்து, குரல் வந்த பக்கம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"யாருக்குன்னு கேக்க மாட்டியளா சிஸ்டர்?"

கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். மற்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டிய கையை மடக்கினேன். பிறகு மாத்திரையை மேசை மேல் வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்லி, யாருக்கு என்று கேட்டேன்.